நான்ஜிங்கிலிருந்து தாம்பரத்துக்கு

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்தது 1937இல். கட்டடங்களின் புதுக்கருக்குக்கூட மாறாத அடுத்த ஆண்டே, மான்கள் திரியும் அந்தக் காட்டு வளாகத்துக்கு உலகமே திரண்டு வந்தது. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு. சுமார் 70 நாடுகளிலிருந்து 470 பேர் வந்தார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் தாம்பரத்தில்தான்.

உண்மையில் மாநாடு நடக்க இருந்த ஊர் சீனாவின் ஹாங்சோ. 1937இல் ஜப்பானியப் படை சீனாவுக்குள் புகுந்ததால்தான் இடம் மாறியது. அந்த டிசம்பர் 13ஆம் தேதி நான்ஜிங் நகரம் வீழ்ந்தது. அங்கே நடந்த படுகொலைகளையும் பெண்களுக்கு நேர்ந்த கொடுமைகளையும் சீனர்கள் இன்றுவரை மறக்கவில்லை. அது நடந்து ஓராண்டு நிறைந்த அதே நாட்களில், சீனரும் ஜப்பானியரும் தாம்பரத்தில் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஜெபித்தார்கள்.

சீனக் குழுவின் தலைவி வூ யீஃபாங். நான்ஜிங்கில் இருந்த கின்லிங் மகளிர் கல்லூரியின் முதல்வர். இருபது வயதை எட்டுவதற்குள் தந்தை, அண்ணன், தாய், அக்கா என்று நால்வரையும் பறிகொடுத்தவர். வாழ்வே வேண்டாம் என்ற நிலைக்குப் போய், அதே கல்லூரியில் மாணவியாக இருந்தபோது கிறிஸ்துவைக் கண்டுகொண்டவர். போர் வந்ததும் கல்லூரியை மேற்கே செங்டுவுக்குக் கொண்டுபோனார். நான்ஜிங்கில் விட்டுவந்த வளாகத்தில் ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் உயிருக்குப் பயந்து தஞ்சம் புகுந்தார்கள். அந்தச் செய்திகளையெல்லாம் நெஞ்சில் சுமந்துகொண்டுதான் தாம்பரத்துக்கு வந்தார் வூ.

ஜப்பானிலிருந்து வந்தவர்களில் ஒருவர் டொயோஹிகோ ககாவா. சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். இளமையில் காசநோய் வந்து, பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்டவர். பிழைத்தெழுந்து, 1909 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோபே நகரின் ஷின்காவா சேரியில் ஒரு சிறு அறைக்குக் குடிபோனார். நோயாளிகளையும் வீடற்றவர்களையும் அந்த அறையிலேயே சேர்த்துக்கொண்டார். அங்கே தொற்றிய கண்நோயால் ஏறக்குறைய பார்வையே போயிற்று. தம் நாடு செய்த கொடுமைக்காகச் சீனரிடம் மன்னிப்புக் கேட்ட அவரை, 1940இல் சொந்த நாட்டு அரசே கைது செய்தது.

இவ்வளவு பட்டவர்களுக்குச் சந்தோஷம் எங்கே என்று கேட்கத் தோன்றும். பவுல் சந்தோஷத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுவது பிலிப்பியர் நிருபத்தில். அதை எழுதும்போது அவர் சிறையில் இருந்தார். துன்பம் தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவரும் காத்திருக்கவில்லை. வூவும் ககாவாவும் காத்திருக்கவில்லை.

நம் ஊரில் துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், "அழாதீங்க, விசுவாசிகள் அழக் கூடாது" என்று சொல்லிவிட்டு வருவதுண்டு. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனாலும் அது தவறு. லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவே கண்ணீர் விட்டார். கிறிஸ்தவ மகிழ்ச்சி கண்ணீரைத் தடுப்பதில்லை. அழுகிறவரைத் தனியே விடாமல் இருப்பதில்தான் அது தெரியும். தாம்பரத்தில் சீனரோடு ஜப்பானியர் ஜெபித்தபோது நான்ஜிங்கின் காயம் ஆறிவிடவில்லை. போர் இன்னும் ஏறக்குறைய ஏழு ஆண்டு நீடித்தது. ஆனால் பகையால் அவர்களைப் பிரித்துவைக்க முடியவில்லை.

சென்னையிலிருந்து ரயிலில் வந்தால், அதே தாம்பரத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் சானடோரியம். ககாவாவை வாட்டிய அதே காசநோய்க்காக டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய மருத்துவமனை அது. இன்று அரசு மருத்துவமனை. 1990களில், எச்.ஐ.வி. என்றாலே பலரும் கதவை மூடிய காலத்தில், அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டதும் அதுதான்.

இன்று காசநோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களிடமிருந்து சில வாரங்களிலேயே மற்றவருக்குத் தொற்றும் அபாயம் நீங்கிவிடும். ஆனால் சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் வீட்டிலேயே ஒதுக்கிவைக்கப்பட்டவர் உங்கள் தெருவில் இருக்கலாம். டாக்டர் தொற்றாது என்று சொன்னபின் தயங்க வேண்டாம். இந்த வாரம் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.