நோயாளியிடம் செல்லும் கை

 

நோயாளியைப் போய்ப் பார்ப்பது நம்மீதுள்ள கடமை. கடை அடைத்த கையோடு பழப்பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். நல்லதுதான். ஆனால் வார்டு வாசலில் கைக்குத் தடவும் கிருமிநாசினி வைத்திருக்கிறார்களே, அதைக் கண்டதும் நம்மில் சிலர் ஒதுங்குகிறார்கள். "அதில் மது இருக்கிறது. நமக்கு ஒளு இருக்கிறது, போதும்" என்கிறார்கள்.

ஒளு இருக்கலாம். பள்ளியை விட்டு வந்தபின் பஸ் கம்பியைப் பிடித்தோம். வெள்ளி நோட்டை எண்ணினோம். லிப்ட் பொத்தானை அமுக்கினோம். இவற்றால் ஒளு முறியாது. ஆனாலும் நோயாளிக்கு அந்தக் கை சுத்தமில்லை. கருவாடு அள்ளிய கையால் நாம் சீனி பொட்டலம் கட்டுவதில்லை, நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். கிருமிக்கு நாற்றமேது?

தூங்கி எழுந்தவர் மூன்று முறை கழுவாமல் கையைப் பாத்திரத்தில் விடலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இரவில் கை எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது என்பதே அதற்குக் காரணம். அழுக்குக் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் கழுவு என்று அவர்கள் சொல்லவில்லை!

வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் கவனித்த பகுதியில், 1846இல் 100 தாய்மாருக்கு 11 பேர் மாண்டார்கள். பிரேதத்தை அறுத்துப் பார்த்துவிட்டு வந்த டாக்டர்களின் கைதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டுகொண்டார். 1847 முதல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். 1848இல் 100க்கு 2 பேர்கூட இறக்கவில்லை.

மதுவென்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. ஆல்கஹால் கலந்த மருந்தைக் கிருமி கொல்ல உடம்பின் மேலே பூசலாம் என்று முஸ்லிம் உலக லீக்கின் மார்க்க அறிஞர்கள் 2002இல் மக்காவில் கூடி முடிவு கூறியுள்ளார்கள். குடிப்பது வேறு, பூசுவது வேறு. ஒளுவில் விரல்களைக் கோதிக் கழுவுகிறோமல்லவா, அதேபோல் விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் படும்படி 20, 30 விநாடி, கை காயும்வரை தேய்க்கவேண்டும். அழுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். வெளியே வரும்போதும் இப்படியே.

தாதி சுத்தம் செய்து வைத்த தட்டின்மேல் பழப்பையை வைக்கவேண்டாம். ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்திரியைத் தொட்டுச் சரிசெய்யவும் வேண்டாம். வியாபாரிக்கு ஊரெல்லாம் சிநேகிதம்! அடுத்த கட்டில்காரருக்கும் கைகொடுக்கப் போகிறோம். அதற்குமுன் மறுபடியும் தேய்த்துக்கொள்ளவேண்டும்.

நோய்கண்ட ஒட்டகத்தை நல்ல ஒட்டகங்களிடம் கொண்டுபோகலாகாது என்பதும் நபிமொழியே. 2003இல் சிங்கப்பூரில் சார்ஸ் 238 பேரைப் பிடித்து 33 பேரைக் கொண்டுபோயிற்று. ஆஸ்பத்திரி ஊழியர் பலருக்கும், நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கும் அது தொற்றியது. ஆகவே இருமலோ காய்ச்சலோ உள்ளவர் டெலிபோனில் ஸலாம் சொல்லி, பழத்தை மகனிடம் கொடுத்தனுப்பினால் போதும்.