யாருக்குச் செய்த துரோகம்?

2020, 2021, 2022 ஆகிய மூன்றாண்டும் யாழ்ப்பாண அணிக்குத் தலைமை தாங்கி, லங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்று தந்தவர் திசர பெரேரா. 2024இல் அவரே கொழும்பு அணியின் தலைவரானதை நம்மிற் சிலர் துரோகம் என்கின்றனர். யாருக்குச் செய்த துரோகம்? கூலிக்கு உழைப்பவன் வேறிடம் வேலைக்குப் போனால் அது அவன் உரிமை என்கிறோம். துடுப்புப் பிடித்தவனிடம் மட்டும் விசுவாசம் கேட்கிறோம்!

அணியோ முதலாளியின் சொத்து. யாழ்ப்பாணம் அதன் பெயர்ப்பலகை. அக்கிண்ணங்களுக்கான ஆட்டங்களுள் ஒன்றேனும் இம்மண்ணில் நடந்ததில்லை. ஆயினும் ஒரு சிங்கள வீரரின் வெற்றியை நம்முடையதாகக் கொண்டாடினோமே, அம்மகிழ்ச்சி பொய்யன்று. அதற்கு விலை வைத்தவர்களை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவரைச் சினப்பது என்ன நியாயம்?

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பழைய மாணவர் வியாஸ்காந்த் 2024இல் ஐதராபாத் அணிக்குப் பந்து வீசியபோது பெருமைப்பட்டோம். நாளை அவர் கொழும்புக்கு வீசினால்?