தகுதி பார்க்கும் இரக்கம்

ஒருவர் நோயுற்றார் எனக் கேட்டதும், 'எப்படி வந்தது?' என்று வினவுகிறோம். அவ்வினாவில் சில வேளை அக்கறை இருக்கும்; சில வேளை தீர்ப்பு இருக்கும். எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்வோரை இத்தீர்ப்பு நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகிறது. அவர்களுள் பலரை 'ஹெப்படைட்டிஸ் சி' எனும் கல்லீரல் அழற்சியும் பற்றுகிறது. இரண்டுமே, போதை ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எளிதில் பரவுபவை. இரண்டும் ஓருடலில் குடிகொண்டால் கல்லீரல் விரைந்து கெடுகிறது.

1989-இல் கண்டறியப்பட்ட 'சி' வகைக் கிருமிக்கு இன்றளவும் தடுப்பூசி இல்லை. அது தன் உருவை ஓயாது மாற்றிக்கொள்வது இதற்கொரு காரணம். எனினும் 8 முதல் 12 வாரங்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமளிக்கின்றன. 'மருந்துதான் இருக்கிறதே, தீய பழக்கத்தை விட்டால் போதாதா? தடுப்பூசிக்கு ஏன் பெரும்பொருள்?' என்று சிலர் கேட்பர்.

இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. மருத்துவத்துக்கென ஒதுக்கும் பொருள் அளவுடையதே. ஆனால் குணமடைந்தவரை இதே கிருமி மீண்டும் தொற்றக்கூடும். மருந்து நோயைப் போக்குமேயன்றிக் காவல் நிற்பதில்லை. போதைப் பழக்கமும் ஒருநாள் உறுதியால் அறுந்துவிடும் கயிறன்று. தூய்மையற்ற மருத்துவ ஊசியாலும் தாய்வழியாகவும் நோயுற்றோர் உண்டே என நாம் வாதிடலாம். அது உண்மையே. ஆயினும் அவர்களுக்காக மட்டும் இரங்குவோமாயின், நாமும் தகுதி பார்ப்பவர்களே ஆவோம்.

2012 முதல் 2018 வரை அமெரிக்காவின் பால்டிமோர், சான்பிரான்சிஸ்கோ, ஆல்புகர்க்கி நகரங்களில் ஒரு தடுப்பூசி சோதிக்கப்பட்டது. அதற்கு உடன்பட்ட 548 பேரும் போதை ஊசிப் பழக்கமுள்ளவர்கள். ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசியும், ஏனையோருக்கு மருந்தற்ற ஊசியும் போடப்பட்டன. முடிவில் இரு பிரிவிலும் 14 பேர் வீதம் நீடித்த நோய்க்கு ஆளாயினர். தடுப்பூசி தோற்றது. ஆனால் எவ்வழி பயன்தராது என்பதை அவர்களே உலகுக்கு அறிவித்தனர். பெறுவதற்கும் தகுதியற்றவர் என நாம் எண்ணியோர், நமக்குக் கொடுத்தவர்களாய் நிற்கின்றனர். இங்கே கடன்பட்டவர் யார்?

இனி வரும் முயற்சிகளில் எச்.ஐ.வி. உள்ளோரின் இடம் யாது? எதிர்ப்பாற்றல் குன்றியோரை முதற் சோதனைகளில் சேர்க்கத் தயங்குவது அவர்தம் பாதுகாப்பை முன்னிட்டே. அது நியாயமே. ஆனால் காவலாகத் தொடங்கிய விலக்கு, மறதியாய் முடிந்துவிடலாகாது. 'ஹெப்படைட்டிஸ் பி' தடுப்பூசி, பிறருக்கு அளிக்கும் அளவு எதிர்ப்பாற்றலை எச்.ஐ.வி. உள்ளோருக்கு அளிப்பதில்லை என்பது மருத்துவர் அறிந்ததே. நலமுள்ளோருக்குப் பயன்படுவது இவர்களுக்கும் பயன்படும் எனக் கொள்ள இயலாது. அவர்களுக்கென்றே, அவர்தம் முழு அறிவோடும் இசைவோடும், ஆய்வு நடைபெறவேண்டும்.

அதற்குக் காலமும் பொருளும் கூடுதலாகவே செலவாகும். அச்செலவை நாம் தர்மம் எனக் கருதாது, நீதி எனக் கருதுவோமாக.