கண் என்னும் வாயில்

ததாகதர் அருளிய எண்வகை மார்க்கத்தில் முதலாவதாக நிற்பது நற்காட்சி. ஏழாவதாக நிற்பது நற்கடைப்பிடி. முன்னது உள்ளதை உள்ளவாறு அறிதல். பின்னது அவ்வறிவை மறதிக்கு இரையாக்காது காத்தல். இவை ஆரணியத்தில் வாழும் பிக்குகளுக்கே உரியன என்று எண்ணி, இல்லறத்தாராகிய நாம் ஒதுங்கி நிற்பதுண்டு. அவ்வாறு ஒதுங்குதற்கு இடமில்லை என்பதை, சித்திரம் பயிலும் மாணவன் ஒருவனது கல்வியைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதிக்கு அண்மையில் ஸ்ரீவராகம் என்னும் இடம் உளது. வராகமூர்த்தியின் கோயிலும், அதனைச் சார்ந்த மிகப் பெரிய குளமும் அவ்விடத்தின் அடையாளங்கள். அங்கே தங்கி, 1888ஆம் ஆண்டில் கலைப் பள்ளியாகத் தோன்றி இன்று நுண்கலைக் கல்லூரியாக விளங்கும் நிலையத்திற்கு நாள்தோறும் சென்று வரும் மாணவன் ஒருவனை மனத்திற் கொள்வோம். ஆசிரியர் அவனை நோக்கி, "நீ வாழும் இடத்தில் உள்ளதொன்றை வரைந்து வா" என்கிறார். அவன் குளக்கரையில் அமர்கிறான். சிறிது நேரத்தில், "வரைதற்குரியது இங்கே யாதுளது? நாளும் காணும் நீரும் படிக்கட்டுமே அன்றோ?" என்று சலிப்புறுகிறான்.

இச்சலிப்பு எங்கிருந்து வந்தது? அவன் குளத்தைக் காணவில்லை. 'குளம்' என்னும் பெயரையே கண்டான். நீர் நீலம், இலை பச்சை, படி சாம்பல் என்று உள்ளம் முன்னரே எழுதி வைத்த குறிப்பைக் கை படியெடுத்தது. பெயர் வந்த அளவில் கண் உறங்கிவிடுகிறது. அப்பெயரைச் சற்றே விலக்கி மீண்டும் நோக்குவானாயின், காலையில் வானத்தைத் தாங்கிய நீர் நண்பகலில் தன் பாசியைக் காட்டுவதை அறிவான். பலர் கால் வைத்த படியின் நடுப்பகுதி தேய்ந்திருப்பதையும், எவரும் மிதியாத ஓரம் கூர்மை குன்றாதிருப்பதையும் அறிவான். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசியில் துலாவர்ஷம் என்று அவ்வூரார் கூறும் மழையும் குளத்தை வேறு வேறாக்குவதைக் காண்பான். நேற்று வரைந்த குளம் இன்று இல்லை. அநித்தியம் என்னும் பெரும் பொருளை எந்த நூலும் அவனுக்கு உரைக்கவில்லை, நீரே உரைத்தது.

சீவகர் மருத்துவம் பயின்ற வரலாற்றை நம் அன்பர்கள் அறிவர். தக்கசீலத்தில் ஏழாண்டுகள் கற்ற பின்னர், அவருடைய ஆசான் அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, நகரைச் சுற்றி ஒரு யோசனை தூரம் தேடி, மருந்துக்கு உதவாத செடி ஏதேனும் உளதாயின் கொண்டு வருமாறு பணித்தார். சீவகர் தேடித் திரிந்து வெறுங்கையுடன் திரும்பி, அத்தகைய செடி ஒன்றையும் காணவில்லை என்றார். கல்வி நிறைவுற்றதென்று ஆசான் விடை கொடுத்தார். ஏழாண்டுகளுக்கு முன் அவ்வழியே வந்தபோதும் அதே செடிகள் அங்கே இருந்தன. அன்று அவை வெறும் புல்லும் பூண்டும். இன்று ஒன்றேனும் பயனற்றதன்று. மாறியது நிலமன்று, நோக்கியவரின் கண்ணே மாறியது.

ஆயினும் கூர்ந்து நோக்குதல் மட்டுமே தம்மமாகிவிடுமோ? கொக்கும் மீனைக் கூர்ந்தே நோக்குகிறது. கள்வனும் பூட்டைக் கூர்ந்தே நோக்குகிறான். ஆதலின் பகவர் அருளிய சார்பின் தோற்றத்தை இங்கே நினைதல் வேண்டும். மணிமேகலை நூல் நிதானங்களைத் தமிழில் பெயரிடுங்கால், வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று நிரல்படுத்துகிறது. கண் ஒரு வாயில். அதன்கண் உருவம் வந்து பொருந்துதல் ஊறு. அதனால் இனிது, இன்னாது என்று எழுவது நுகர்வு. இதுவரை எவராலும் தடுத்தற்கரிது. இனியதை இழுத்துக்கொள்ளவும் இன்னாததைத் தள்ளிவிடவும் உள்ளம் விரைவதே வேட்கை. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உளது. நற்கடைப்பிடி காவல் நிற்கும் இடம் அதுவே.

சித்திர மாணவன் நாள்தோறும் அவ்விடைவெளியில்தான் அமர்கிறான். செவ்வல்லி மலர் கண்ணைக் கவரும். அருகே மிதக்கும் குப்பை கண்ணை விலக்கும். மலரை மட்டும் வரைந்து குப்பையை மறைப்பானாயின், அவன் வரைந்தது தன் விருப்பத்தையே அன்றிக் குளத்தையன்று. இரண்டையும் ஒரே அமைதியுடன் நோக்கக் கற்பானாயின், அவன் தூரிகை பிடித்த கையே தியானம் பயிலும் கையாகும்.

இத்தகைய பயிற்சிக்கு நம் நாட்டில் ஒரு குருபரம்பரை உண்டு. 1909ஆம் ஆண்டில் ஹெரிங்காம் அம்மையாரின் குழுவினருடன் அஜந்தா குகைகளுக்குச் சென்று, பண்டைப் பௌத்த ஓவியங்களைப் படியெடுத்தவர்களுள் ஒருவர் நந்தலால் போஸ். பின்னர் அவர் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் ஆசிரியரானார். அங்கே அவரிடம் பயின்ற ராம்கிங்கர் பைஜ், 1935ஆம் ஆண்டில் மரங்களிடையே நெடிதுயர்ந்து நிற்கும் பெண்ணுருவம் ஒன்றைச் சமைத்தார். அவ்வுருவத்தின் தலையில் ஒரு கலத்தை ஏற்றுமாறு நந்தலால் கூறினார். போதி பெறுவதற்கு முன் மெலிந்திருந்த போதிசத்துவருக்குப் பாயசம் அளித்த சுஜாதையாக அவ்வுருவம் அன்று முதல் விளங்குகிறது. 1938ஆம் ஆண்டில் ராம்கிங்கர் சமைத்த சாந்தால் குடும்பச் சிலையில் தேவரும் இல்லை, அரசரும் இல்லை. தம் சிறு உடைமைகளைச் சுமந்து, குழந்தையும் நாயும் உடன்வர நடந்து செல்லும் உழைப்பாளர் இருவரே உளர். அவ்வழியில் அத்தகையோர் நாளும் நடந்தனர். பலர் கண்டும் காணாதவரை ஒருவர் கண்டார்.

அந்த ராம்கிங்கரிடம் பயின்றவருள் ஒருவர், திருவனந்தபுரத்திற்கு அண்மையிலுள்ள ஆற்றிங்கலில் 1935ஆம் ஆண்டில் பிறந்த ஓவியர் அ. இராமச்சந்திரன். 1957ஆம் ஆண்டில் கேரளப் பல்கலைக்கழகத்தில் மலையாள இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற பின்னரே அவர் சாந்திநிகேதனம் சென்றார். மாணவப் பருவத்தில் கல்கத்தா நகரத்தில் கண்ட மக்களின் துன்பமே அவருடைய தொடக்க கால ஓவியங்களில் நிறைந்தது. பிற்காலத்தில் இராஜஸ்தானத்துப் பழங்குடியினரையும், உதயப்பூருக்கு அண்மையிலுள்ள தாமரைக் குளங்களையும் பல்லாண்டுகள் சென்று சென்று நோக்கி வரைந்தார். 2005ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார். துன்பத்தையும் தாமரையையும் அக்கண் கண்டது. துன்பத்தைக் கண்டு அஞ்சி மூடிய கண்ணுக்குத் தாமரையும் முழுமையாகத் தோன்றாது.

இனி, இக்கல்வியின் முடிவு யாது? பகவர் ஒருகால் ஆனந்தரோடு பிக்குகளின் உறையுளைப் பார்வையிட்டுச் செல்லுங்கால், வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைக் கண்டார். ஆனந்தர் நீர் கொணர, பகவர் தம் கையால் நீர் வார்க்க, இருவரும் அவரைத் தூய்மை செய்து, தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். பின்னர்ப் பிக்குகளை அழைத்து, அவரை ஏன் பேணவில்லை என்று வினவினார். அவரால் தமக்குப் பயன் ஒன்றும் இல்லை என்பதே அவர்கள் விடையாயிற்று. தம்மைப் பேண விரும்புவோர் நோயுற்றோரைப் பேணுக என்று பகவர் அப்பொழுது அறிவுறுத்தினார்.

அன்பர்களே, அப்பிக்குகள் குருடரல்லர். தியானம் பயின்றவர்களே. எனினும் பயன் என்னும் திரை அவர்தம் கண்ணை மறைத்தது. பகவர் நெடுந்தொலைவு சென்று அந்நோயாளியைத் தேடவில்லை. அடுத்த அறையில் கண்டார். காட்சி நற்காட்சியாயிற்று என்பதற்குச் சான்று கை நீட்டுதலே. குளக்கரையில் துணி துவைக்கும் மூதாட்டியின் வளைந்த முதுகை நுணுக்கமாக வரைந்துவிட்டு, அவள் சுமை தூக்கத் தடுமாறுங்கால் ஏட்டை மூடிக்கொண்டு எழுந்து செல்லும் மாணவன், கோட்டைக் கற்றானேயன்றிக் காட்சியைக் கற்றானில்லை.

ஆதலின் நாம் ஒரு சிறு நோன்பை மேற்கொள்வோம். சித்திரம் அறிந்தோர் ஏட்டைக் கொள்க. அறியாதோர் கண்ணை மட்டும் கொள்க. ஏழு நாட்கள், ஒரே வேளையில், ஒரே இடத்தில் கால் நாழிகை அமர்க. அது ஸ்ரீவராகத்துக் குளப்படியாகலாம். நம் வீட்டு அடுக்களைச் சாளரமாகலாம். அங்கே உள்ளது யாது என்று நோக்குக. அதனால் உள்ளத்தில் எழும் விருப்பும் வெறுப்பும் யாவை என்று அறிக. நேற்றிலிருந்து மாறியது யாது என்று காண்க. நம்மால் இதுகாறும் காணப்படாதிருந்தவர் யாவர் என்று இறுதியில் வினவுக. அவ்வினாவிற்கு விடையாக ஒரு முகம் தோன்றுமாயின், எழுந்து அவர்பால் செல்க.

எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி நலமுறுக.