கல்லை நகர்த்திய அன்பு



தேர்த்திருவிழா அன்று வடம் பிடிக்கும்போது ஓர் உண்மையை நாம் எல்லோரும் உணர்கின்றோம். முதல் அசைவுதான் மிகக் கடினம். நூறு கைகள் சேர்ந்து இழுத்தாலும் சில்லு சற்று நேரம் அசையாது நிற்கும். "அரோகரா" என்ற ஒலி எழுந்து எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்கும்போதுதான் தேர் தன் இருப்பிடத்தை விட்டு எழும்புகின்றது. பாரந்தூக்கும் இயந்திரங்கள் இல்லாத காலத்தில் மலைபோன்ற கற்களை நம் முன்னோர் எப்படி நகர்த்தினார்கள் என்ற கேள்விக்கு விடையும் இந்த வடத்திலேதான் இருக்கின்றது.

தஞ்சைப் பெருங்கோயிலை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராஜராஜ சோழன் எடுப்பித்த இக்கோயிலின் விமானத்திற்கு 1010ஆம் ஆண்டிலே கலசம் வழங்கப்பட்டது. விமானம் 200 அடிக்கும் மேற்பட்ட உயரமுடையது. காவிரி பாயும் வண்டல் நிலமாகிய தஞ்சையிலே கருங்கல் மலை கிடையாது. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் குன்றுகளிலிருந்தே கல் வரவேண்டியிருந்தது. பாறையில் வரிசையாகக் குழி அடித்து, ஆப்பு இறுக்கிக் கல்லைப் பிளந்தார்கள். உருளைக் கட்டைகள், நெம்புகோல்கள், கயிறுகள், மாடுகள், யானைகள், இவற்றோடு எண்ணற்ற மனிதத் தோள்கள். இவையே அக்காலத்து இயந்திரங்கள். தொலைவிலிருந்தே மண்ணால் சாரம் அமைத்துச் சரிவு வழியாகக் கற்களை மேலே ஏற்றினர் என்பர். சாரப்பள்ளம் என்னும் ஊர்ப் பெயரை அதற்குச் சான்றாகக் காட்டுவதும் வழக்கம்.

விமானத்தின் உச்சியில் இருப்பது 80 தொன் எடையுள்ள ஒரே கல் என்று சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கின்றோம். ஆனால் கோயிலின் கட்டட அமைப்பை அளந்து ஆராய்ந்த அறிஞர்கள், அந்தச் சிகரம் பல கற்களைப் பொருத்தி அமைத்தது என்று எடுத்துக்காட்டியுள்ளனர். இதைக் கேட்டு மனம் சோரவேண்டியதில்லை. தோடம்பழச் சுளைகள் சேர்ந்து ஒரு பழமாவதுபோல, பல கற்கள் ஒன்றையொன்று தாங்கி, பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே கல்லாய் ஆயிரம் ஆண்டுகள் நிற்கின்றன. ஒரு பெருங்கல் தனித்து நிற்பதைக் காட்டிலும் இது எவ்வளவு பெரிய அதிசயம்! ஒரு கோயிலடியார் கூட்டம் இருக்கவேண்டிய விதமும் இதுவே அல்லவா?

அந்த மன்னன் தன் கொடையை மட்டும் கல்லில் வெட்டச் சொல்லவில்லை. தமக்கை குந்தவை கொடுத்ததும், தேவியர் கொடுத்ததும், பிறர் கொடுத்ததும் வெட்டப்பட்டன. வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைச் சிற்பியின் பெயரும் அங்கே உண்டு. விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் ஆகிய கோயிற் பணியாளர்களுக்கு அளித்த பங்கும் எழுதப்பட்டிருக்கின்றது. அக்கோயிலுக்கு வருவாய் அளித்த ஊர்களுள் ஈழமண்டலத்து ஊர்களும் இருந்தன.

இனி எகிப்து நாட்டிற்குச் செல்வோம். ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த யெகூதிகோதெப் என்னும் அதிகாரியின் கல்லறைச் சுவரிலே ஓர் ஓவியம் உள்ளது. ஏறக்குறைய 7 மீற்றர் உயரமுள்ள சிலையொன்று சில்லில்லாத சறுக்கு வண்டியில் ஏற்றிக் கட்டப்பட்டிருக்கின்றது. 172 பேர் நான்கு வரிசையாகக் கயிறு பிடித்து இழுக்கின்றனர். சிலையின் மடியில் ஒருவன் நின்று கைதட்டித் தாளம் கொடுக்கின்றான். சறுக்கு வண்டியின் முன்னே இன்னொருவன் குனிந்து மணலில் நீர் ஊற்றுகின்றான்.

இந்த நீர் ஊற்றுபவனை நெடுங்காலம் பலர் பொருட்படுத்தவில்லை. ஏதோ சடங்குக்காக ஊற்றுகின்றான் என்றே கருதினர். 2014ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியல் அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்தனர். காய்ந்த மணலில் இழுக்கும்போது வண்டியின் முன்னே மணல் குவிந்து வழியை மறிக்கின்றது. அளவாக ஈரம் சேர்ந்தால் மணற்றுகள்கள் ஒன்றையொன்று பற்றி நிலம் இறுகுகின்றது. இழுக்கவேண்டிய விசை ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றது. ஈரம் மிகுந்தாலோ இழுப்பது மீண்டும் கடினமாகின்றது.

அடியார்களே, இதைச் சற்றுச் சிந்தியுங்கள். வெறுஞ் சடங்கு என்று எண்ணப்பட்ட ஒரு குடம் நீர், பல பேருடைய உழைப்பை மிச்சப்படுத்தியிருக்கின்றது. கயிற்றைத் தொடாத அந்த மனிதனே எல்லோருடைய பாரத்தையும் குறைத்தவன். கோயில் வீதி கூட்டுபவர், பூமாலை கட்டும் தாய், அன்னதானப் பாத்திரம் கழுவும் பிள்ளை ஆகியோர் இத்தகையவரே. நெஞ்சிலே அன்பு என்னும் ஈரம் இல்லையேல், "நான்", "எனது" என்னும் காய்ந்த மணல் நம் முன்னே குவிந்து வழியை மறிக்கும்.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரிடம் கல்லும் இல்லை, பொருளும் இல்லை. மனத்திலேயே கோயில் கட்டினார். காஞ்சியிலே கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கனவிற் தோன்றிய இறைவன், பூசலாரின் கோயிலுக்கு முதலில் எழுந்தருளுவதாகச் சொன்னார். கற்கோயிலை இறைவன் வெறுத்தாரில்லை. கல்லை நகர்த்திய அன்பையே அவர் பார்த்தார்.

இன்று நம் ஊர்க் கோயில்களிலே கருங்கற் திருப்பணிகள் நடைபெறுகின்றன. கடல்கடந்த உறவுகள் வாரி வழங்குகின்றனர். பாரந்தூக்கி இயந்திரம் ஒரு நாளில் கல்லை ஏற்றிவிடுகின்றது. அது நன்றே. ஆனால் 2018இல் நம் யாழ்ப்பாணத்திலேயே ஓர் ஆலயத் தேரை மண் அகழும் இயந்திரம் இழுத்த செய்தி நம்மைத் தலைகுனிய வைத்தது. வடந்தொட உரியவர் இன்னார், உரிமையில்லாதவர் இன்னார் என்று பிரிக்கும் மனம் இருக்குமாயின், சில்லுகள் உருண்டாலும் தேர் நகர்ந்ததாகாது. இயந்திரம் கல்லை நகர்த்தும். கல்லாய்ப் போன நெஞ்சை அது நகர்த்தாது.

ஆகவே இவ்வருடம் வடம் பிடிக்க வருபவர் எவராயினும், "சற்றுத் தள்ளி நில்லும்" என்று ஒருவரும் சொல்லாதிருப்போம். பக்கத்தில் நிற்பவர் எந்தக் குறிச்சி என்று கேளாது அவருக்கும் கயிற்றில் இடம் விடுவோம். எல்லோர் கையும் பட்ட வடத்தாலே எம்பெருமான் வீதி வலம் வந்து, ஊரும் உறவும் நோய்நொடியின்றி வாழ அருள்புரிவாராக!