இருளில் கற்றதும் மறந்ததும்

1998 ஜனவரி 5இல் மொன்றியலில் உறைமழை தொடங்கியது. விழுந்த துளி விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாயிற்று. பாரம் தாங்காமல் மரங்கள் முறிந்தன. மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. கியூபெக்கின் சில ஊர்களுக்கு ஒரு மாதமாகியும் மின்சாரம் திரும்பவில்லை.

எங்கள் தொடர்மாடியும் இருண்டது. மின்சாரத்தை நம்பியிருந்த வெப்பமூட்டியும் நின்றது. ஆனால் நாங்கள் கலங்கவில்லை. 1990இலிருந்து ஆண்டுக்கணக்காக மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இட்டு விளக்கெரித்தவர்களல்லவா? சற்றுப் பெருமையாகவே பேசிக்கொண்டோம்.

மூன்றாம் நாள்தான் எதிர்க்கதவு மூதாட்டியின் நினைவு வந்தது. தட்டினோம். கோட்டும் கையுறையுமாகக் குளிரில் தனியே இருந்தார். ஐந்து வருட அயல். பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அழைத்து வந்து எங்களோடு வைத்துக்கொண்டோம்.

ஊரில் விளக்கேற்றுமுன் வேலிக்கு அப்பால் கேட்போம்: "உங்களிட்ட எண்ணெய் இருக்கோ?" அந்த இருட்டில் நாம் பிழைத்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம். விளக்குச் செய்யும் வித்தை கடல் கடந்து வந்திருக்கிறது; கேள்வி வரவில்லை. துன்பப்பட்டோம் என்பதாலேயே நல்லவர்களாகிவிட்டோம் என்று நாம் நம்பிவிடுகிறோமோ?

மின்சாரம் வந்தது. மூதாட்டி நன்றி சொல்லிப் போனார். இரண்டு கதவுகளும் பழையபடி சாத்திக்கொண்டன.