முதலில் ஸலாம் சொல்வது யார்?

 

மயிலாப்பூரில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்ததும் பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "ஹஜரத்! வீட்டுப் பங்கில் என்னை ஏமாற்றியவன் என் தம்பி. பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. குற்றம் அவனுடையது. நான் ஏன் முதலில் போய் ஸலாம் சொல்ல வேண்டும்?"

ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது, இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்ற நபிமொழியை எடுத்துரைத்தேன். தலையசைத்தார், முகம் மட்டும் தெளியவில்லை. அவர் கேட்டது சட்டமல்ல, நியாயம்.

அந்த நியாயத்தை ஸித்தீக் நாயகம் (ரலி) அவர்களின் வாழ்வில் பார்க்கலாம். மிஸ்தஹ் அவர்களுடைய உறவினர், ஏழை, பத்ரில் கலந்துகொண்டவர். அவருடைய செலவுக்குக் கொடுத்து வந்தவர்கள் அபூபக்கர் (ரலி) அவர்களே. அந்த மிஸ்தஹ்தான் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது பழி சுமத்தியோருடன் சேர்ந்து நின்றார். பெற்ற மகளின் மானம்! இனி அவருக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று தந்தை சத்தியம் செய்தார்கள். அப்போது இறங்கிய ஸூரத்துந்நூரின் 22ஆம் வசனம், மன்னிக்கும்படி ஏவிவிட்டு, அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா என்ற கருத்தில் வினவுகிறது. உடனே உதவி தொடர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழி பொய் என்பதைத் திருமறையே அறிவித்துவிட்டது. மிஸ்தஹ் அவதூறுக்கான தண்டனை பெற்றதாகவும் நூல்களில் வருகிறது. ஆக, தவறு சரியாகிவிடவில்லை. தவறு தவறாகவே இருக்க, உறவு மட்டும் மீட்கப்பட்டது. நீதியோடு சமாதானம் செய்யுங்கள் என்பதுதான் ஹுஜ்ராத் அத்தியாயத்தின் போதனையும். உரிய பங்கைக் கேட்பது வேறு. முகம் பாராமல் வாழ்வது வேறு.

நம் ஊரிலேயே ஒரு படிப்பினை உண்டு. தாதா ரத்தன்சந்த் 1947 பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்தவர். மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் அவர் நிறுவிய சூஃபிதார் கோயிலில் சமைத்த உணவு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறப்போருக்குப் பரிமாறப்பட்டு வந்துள்ளது. ஊரை இழந்து வந்தவருக்குக் கசப்போடு வாழக் காரணம் இல்லாமலா போயிற்று? ஒரே தாயின் பாலைக் குடித்த நமக்கு என்ன வந்தது?

"அவன் வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று அல்லாஹ்மீது ஆணையிட்டுவிட்டேனே" என்பார் சிலர். அது சாக்காகாது. சத்தியத்தை முறித்துப் பரிகாரம் கொடுக்கலாம்: பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ, இயலாதவர் மூன்று நோன்பு நோற்க வேண்டும்.

பெரியவருக்கு இத்தனையும் சொல்லி அனுப்பிய இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. கொடுத்த கடனைத் திருப்பாத என் சின்னம்மா மகனோடு நானும் நான்கு வருடமாகப் பேசவில்லை! ஸுப்ஹு தொழுதுவிட்டுத் தொலைபேசியில் அழைத்தேன். "வ அலைக்குமுஸ்ஸலாம், அண்ணே" என்றார். பிறகு வெகுநேரம் மௌனம். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் தொழுகையில் நிற்கும்போது நெஞ்சில் இருந்த ஒரு கல் இப்போது இல்லை.

மன்னிப்பது ஒருவரால் முடியும். சமாதானத்துக்கு இருவர் வேண்டும். அந்த இருவரில் முதல்வராக இருக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.